இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில்: டாங்க்கில் ஊற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“பிக்கப் இல்லை, மைலேஜ் தரவில்லை” என்று சொல்லி காரை சர்வீஸுக்கு விட்டால், பில்லில் இன்ஜெக்டர் கிளீனர் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய டாங்க்கில் ஊற்றும் திரவம்) என்று ஒரு வரி சேர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஊற்றுவதால் கெடுதல் இல்லையே என்று பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தத் திரவம் எந்த இடத்தைக் கழுவும், எந்த இடத்தைத் தொடவே தொடாது என்று தெரிந்தால் இந்தச் செலவை நீங்களே முடிவு செய்யலாம்.

இன்ஜெக்டரில் படிவு சேர்வது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல, நின்ற பிறகு. சூடான இன்ஜினை அணைத்ததும் இன்ஜெக்டர் முனையில் தங்கிய துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் அங்கேயே வெந்து, வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். தினமும் 3, 4 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி அடிக்கடி அணைக்கிற வண்டியில் இது சீக்கிரம் சேரும். துளை கொஞ்சம் அடைந்தாலும் பெட்ரோல் புகைபோலத் தூவாமல் கோடாக விழும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஆடுவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி திணறுவது எல்லாம் இதனால் வரலாம். இந்தப் படிவைத்தான் பாட்டில் கரைக்கும்.

உங்கள் இன்ஜின் எந்த வகை என்பது அடுத்த கேள்வி. நம் ஊரில் ஓடும் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தூவும். அதனால் கிளீனர் வால்வின் முதுகையும் கழுவிக்கொண்டு போகும். டி.எஸ்.ஐ., டி-ஜி.டி.ஐ. போன்ற நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அங்கே வால்வில் படிகிற கரி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியால் உண்டாவது. டாங்க்கில் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஒரு சொட்டுகூட அந்த வால்வைத் தொடாது. அதை, காற்று வரும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கும் முறை அதற்கென்றே இருக்கிறது.

லேபிளில் பாலிஈதர்அமைன், அதாவது பி.இ.ஏ. என்ற பெயரைத் தேடுங்கள். எரியறையின் சூட்டைத் தாங்கி, பிஸ்டன் தலையில் உள்ள கரிவரை வேலை செய்வது அதுதான். பெயரே சொல்லாத மலிவு பாட்டில்களில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானே பெரும்பங்காக இருக்கலாம். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டிடர்ஜெண்ட் கலந்த பிரீமியம் பெட்ரோலையே வழக்கமாகப் போடுகிறவர்களுக்குத் தனியாகப் பாட்டில் அநேகமாகத் தேவைப்படாது.

மைலேஜ் குறைந்ததற்காக மட்டும் இதை வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில், எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைவு. அந்த இழப்பை எந்தக் கிளீனரும் திருப்பித் தராது.

பாட்டிலுக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இடைவெளி, பிரேக் பிடித்துக்கொண்டு உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். ஐட்லிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியைத் திறந்து பாருங்கள். அந்த வழியாகக் காற்றுதான் போகிறது, பெட்ரோல் போவதில்லை. எனவே அங்கே உள்ள கருப்புப் பிசுக்கை டாங்க்கில் ஊற்றியது கழுவாது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம்மை, அதாவது பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்ற எண்ணைப் படியுங்கள். பிளஸ், மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பிளஸ் 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து 2500 ஆர்.பி.எம்.-இல் இறங்கினால் வேக்குவம் ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். பாட்டிலுக்கு வேலை இருப்பது இந்தக் கடைசி நிலையில் மட்டும்தான், அதுவும் பம்ப் அழுத்தம் சரியாக இருந்தால்.

ஊற்றுவதென்று முடிவானால், ஓனர்ஸ் மேனுவலில் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒன்று ஊற்றச் சொல்கின்றன. சில, தாங்கள் அங்கீகரிக்காததைத் தொடவே வேண்டாம் என்கின்றன. வாரன்டி இருக்கும்வரை அதை மீற வேண்டாம். எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது பாட்டிலிலேயே இருக்கும். டாங்க் காலியாகும் நிலையில் முதலில் கிளீனர், அதன் மேல் ஃபுல் டாங்க் பெட்ரோல். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே கழுவுங்கள். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் கொடுத்து அந்த டாங்க்கைத் தீர்த்துவிடுங்கள், வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். கிளீனரில் எரியாமல் தங்கும் பகுதி கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். ஆகவே ஆயில் மாற்ற 500 முதல் 1000 கிலோமீட்டர் இருக்கும்போது ஊற்றுவது நல்லது. இரண்டு பாட்டில் ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாது, ஆயில்தான் கூடுதலாகக் கெடும்.

பல ஆண்டு நின்றுபோன பழைய வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். டாங்க் அடியில் உள்ள துருவும் பிசினும் கிளர்ந்து பம்ப்பின் வலையை அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு டாங்க்கை இறக்கிச் சுத்தம் செய்வதே முறை.

டீசல் வண்டிக்குப் பெட்ரோல் கிளீனரை ஊற்றவே கூடாது. டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் ஹை பிரஷர் பம்ப் ஓடுகிறது. அது குறைந்தால் பம்ப் தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உள்ள பி.எஸ்.6 டீசலில் உலோகச் சேர்மம் கலந்த அடிட்டிவ்களும் வேண்டாம். அவற்றின் சாம்பல், ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷனில் எரியாது.

ஒரு டாங்க் முழுக்க ஓட்டியும் திணறல் மாறவில்லையா? அடுத்த பாட்டில் வாங்காமல் இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால்) சுத்தம் செய்து சோதனை பெஞ்சில் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எத்தனை மில்லி தூவுகிறது, தூவல் எப்படி விழுகிறது என்று கண்ணாடிக் குழாயில் நீங்களே பார்க்கலாம். திரும்பப் பொருத்தும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடச் சொல்ல மறக்காதீர்கள். பழையது கசிந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.