ஓடும் சக் நின்றதுபோலத் தெரியும் பட்டறை

12 மீட்டர் அகலத்தில், 18 மீட்டர் நீளத்தில் ஷெட் போட்டு, லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைக்கப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எத்தனை வாட்டில் எத்தனை எல்இடி லைட் மாட்டலாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

கணக்கை முதலில் முடித்துவிடலாம். வாட் என்பது லைட் எடுத்துக்கொள்ளும் மின்திறன். அது வெளியே தரும் ஒளியின் அளவு லூமென். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறதோ அது லக்ஸ். பொதுவான பட்டறை வேலைக்கு 300 லக்ஸ், அளந்து கடையும் நுணுக்க வேலைக்கு 500 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஷெட்டின் பரப்பு 216 சதுர மீட்டர். 300 லக்ஸுக்கு 64,800 லூமென் வேண்டும். சுவரும் தூசியும் விழுங்குவது போக, காலப்போக்கில் லைட் மங்குவதும் போக, 60 சதவீதம்தான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து சேரும் என்று கொண்டால் 1,08,000 லூமென். வாட்டுக்கு 130 லூமென் தரும் 150 வாட் ஹைபே லைட் (உயரமான கூரையிலிருந்து தொங்கவிடும் வகை) 6 போதும். 6 மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு வரிசை. கூரை தாழ்வாக இருந்தால் அதே லூமெனை 12 சின்ன லைட்டுகளாகப் பிரியுங்கள். குனிந்து வேலை செய்பவரின் தலை நிழல் வேலையின் மேல் விழாது. வெண்மையின் சாயலைச் சொல்லும் நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வின், பொருட்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் நிறங்காட்டும் குறியீடு (CRI) 80க்கு மேல். கூரையின் உட்புறத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். நுணுக்க வேலைக்கு மெஷினிலேயே தனி லைட்.

சரி, இனிமேல்தான் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அச்சிடாத விஷயம் வருகிறது. அதுதான் துடிப்பு.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆக, லைட் நொடிக்கு 100 முறை மங்கப் பார்க்கும். பழைய குண்டு பல்பில் இது பெரிதாகத் தெரியாது. சிவக்கக் காய்ந்த இழை அதற்குள் ஆறிவிடாது. எல்இடிக்கு அந்தத் தாமதம் கிடையாது. மின்னோட்டம் நின்றால் மைக்ரோ நொடிகளில் இருண்டுவிடும். அதனால் எல்லாப் பொறுப்பும் டிரைவருக்குள், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்டுக்குள், இருக்கும் கெப்பாசிட்டர் மேல் வந்து விழுகிறது. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து, பள்ளம் வரும்போது அது எடுத்துக் கொடுக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கைவைக்கப்படும் பாகங்களில் இதுவும் ஒன்று.

நொடிக்கு 100 துடிப்பை நம் கண் நேரடியாக உணராது. ஆனால் சுழலும் பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) ஓடும் லேத்தில் நான்கு ஜா சக் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சக் என்பது கடையும் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம், ஜா அதில் உள்ள கவ்வும் தாடை. நொடிக்கு 25 சுற்று. ஒரு வெளிச்சத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள 0.01 நொடியில் சக் சரியாகக் கால் சுற்று திரும்பும். முதல் ஜா இருந்த இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கிறது, அப்போது பார்த்து வெளிச்சம் வருகிறது. மறுபடி கால் சுற்று, மறுபடி வெளிச்சம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அசையாமல் நிற்கும் ஒரு சக். மூன்று ஜா சக் என்றால் இதே மாயம் 2000 ஆர்பிஎம்மில் நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் 0.01 நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு சுற்று.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த படி. சக் நேராக ஒரு நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் தண்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் உள்ளே காந்தப்புலம் 1500 ஆர்பிஎம்மில் சுழலும், ஆனால் தண்டு அந்த 1500ஐ எட்டாது. சுமை ஏறினால் 1440 போல ஓடும். இந்தப் பின்தங்கலுக்கு ஸ்லிப் என்று பெயர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஜா கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்து சேருவதால், சக் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். எவ்வளவு மெதுவாக? நிமிடத்துக்குச் சரியாக 60 சுற்று. 1500க்கும் 1440க்கும் உள்ள வித்தியாசமேதான்! கண்ணுக்கே தெரியாத ஸ்லிப் கண்ணெதிரே சுழல்கிறது. மோட்டார் சோதனைக்கூடங்களில் ஸ்லிப்பை இப்படியே எண்ணி அளப்பதும் உண்டு. விட்டுவிட்டுப் பார்ப்பதால் ஓடுவதை நின்றதுபோலக் காட்டும் ஸ்ட்ரோபாஸ்கோப் தத்துவம் இது. 1832இல் பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் தனித்தனியே கண்டறிந்தது.

சோதனைக்கூடத்தில் கருவியாக இருப்பது பட்டறையில் கையைப் பறிக்கும். சத்தம் நிறைந்த ஷெட்டில், நின்றுவிட்டது என்று நினைத்து ஒருவர் கை நீட்டினால் "கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தையை எழுதும் முன் ஒருமுறை மேலே தொங்கும் லைட்டைச் சோதித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் எல்இடி லைட்டுகளின் துடிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது. எல்லா நாட்டிலும் வாட்டுக்குப் பக்கத்தில் துடிப்பின் அளவையும் அச்சிடச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். இருட்டான பின்னணியில் ஒரு வெள்ளைக் குச்சியை லைட்டுக்கு அடியில் வேகமாக ஆட்டுங்கள். ஒரே கலங்கலாகத் தெரிந்தால் நல்லது. விசிறி மடிப்புபோலத் தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் அந்த லைட்டைப் பட்டறைக்கு வாங்காதீர்கள். செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தாலும் துடிப்பு தெரியும். வாங்கிய பிறகும் அவ்வப்போது இந்தச் சோதனை தேவை. தகரக் கூரையின் சூட்டில் முதலில் வற்றுவது அந்தக் கெப்பாசிட்டர்தான். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எனவே லைட்டைக் கூரையோடு ஒட்டாமல், காற்றோட்டம் கிடைக்கும்படி இறக்கித் தொங்கவிடுங்கள்.

ஷெட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் இன்னொரு அழகான வழி இருக்கிறது. ஃபேஸ் என்பது தனித்தனிக் கம்பியில் வரும் மின் அலை. மூன்றும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி, அதாவது மூன்றில் ஒரு சுற்று, இடைவெளியில் ஓடுகின்றன. மின்திறன் சைனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பள்ளிக்கூட முக்கோணவியலை எடுத்துக்கொண்டு மூன்று சைன் வர்க்கங்களையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்ய டிகிரியில் 0 + 0.75 + 0.75. தொண்ணூறில் 1 + 0.25 + 0.25. எந்தக் கணத்திலும் 1.5தான்! ஒன்று மங்கும்போது மற்ற இரண்டும் ஈடுகட்டுகின்றன. எல்இடி டிரைவர்களில் அலை இவ்வளவு சுத்தமாக இருக்காது, ஆனாலும் துடிப்பு வெகுவாகக் குறையும்.

மூன்று ஃபேஸையும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கம்பியின் நிறத்தால் அழைப்போம். உங்கள் 6 லைட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: முதல் வரிசை சிவப்பு, மஞ்சள், நீலம், இரண்டாவது வரிசை மஞ்சள், நீலம், சிவப்பு. அடுத்தடுத்த இரண்டு லைட் ஒரே ஃபேஸில் வராது. லேத்தை எந்த நான்கு லைட்டுக்கு நடுவில் வைத்தாலும் மூன்று ஃபேஸின் ஒளியும் அதன்மேல் விழும். ஒரு ஃபேஸ் போனாலும் ஷெட்டில் இன்னும் 4 லைட் எரியும். வயரிங் மட்டும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையால் நடக்கட்டும். எந்த இரண்டு ஃபேஸுக்கு நடுவிலும் சுமார் 400 வோல்ட் இருக்கும்.