கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய குளிர்காய்ச்சலோடு அந்த உம்மா திங்கட்கிழமை மத்தியானம்தான் வார்டுக்கு வந்தார். கிண்ணியாப் பக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது. நாடி பிடிக்கக் கையைத் தொட்டேன், கொதித்தது. விரல் நுனிகள் மட்டும் குளிர்ந்து கிடந்தன.

"பனடோல் குடுத்தா குறையுது மிஸி, பிறகு திரும்ப வருது. செவ்வாய்க்கிழமை கிளினிக்தானே, அண்டைக்கே காட்டுவம் எண்டு உம்மா சொன்னாங்க" என்றார் மகன்.

2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகரம் ஒன்றும் தூரமில்லை. அவர்களைத் தடுத்தது தூரமும் இல்லை, காசும் இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த திகதிதான். அதற்கு முன்னால் போனால் கரைச்சல் கொடுப்பதாகிவிடும் என்ற மரியாதை. அந்த உம்மா பதினொரு நாள் வார்டில் இருந்துதான் வீட்டுக்குப் போனார்.

புற்றுநோய் நோயாளிகளோடு வேலை செய்யும் தாதியாக நான் அதிகம் பயப்படுவது இந்தப் பொறுமைக்குத்தான். எங்கள் மாவட்டத்து ஆட்கள் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கும், 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் போய்வருகிறார்கள். மருந்து ஏற்றுவது ஒரு நாள். அடுத்த தடவை வரை இருபது நாள் வீட்டில். மூதூரிலோ குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ அந்த இருபது நாளையும் பார்த்துக்கொள்வது மனைவியும் மகளும்தான். இது அவர்களுக்காக எழுதுவது.

முதலில் காய்ச்சல். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்கும். புற்றுக்கலம் அப்படிப்பட்டது. முடியின் வேரும், வாயின் உட்தோலும், குடலின் உட்சுவரும், இரத்தம் ஊறும் எலும்பு மச்சையும் அப்படிப்பட்டவைதான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. மச்சை அடிபட்டால் கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் அவை மிகக் குறைவாக இருக்கும் காலம். அந்த நாட்களில் உடம்புக்குள் கிருமி புகுந்தால் பெரும்பாலும் சளியும் வராது, சீழும் வராது. அவற்றை உண்டாக்கவே வெள்ளை அணு வேண்டுமே. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பனடோல் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும். காய்ச்சல் இறங்கினால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆகவே வீட்டில் ஒரு தேர்மோமீற்றர் கட்டாயம் வேண்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டைத் தொட்டால் பகலோ நள்ளிரவோ அந்த நேரமே புறப்படுங்கள். அளவு ஏறாவிட்டாலும் உடம்பு நடுங்கினால் புறப்படுங்கள். பனடோல் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்சுக்குக் காசு இல்லை. வைத்தியசாலை வாசலில் சொல்லும் முதல் வசனம் "காய்ச்சல்" என்று இருக்கக்கூடாது. "கீமோ ஏற்றுகிற ஆள், ஏற்றிப் பத்து நாள், இப்போது காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் வரிசையில் நிற்கலாம், இது நிற்கக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளம் வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டிய விஷயம்.

மீன் வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மீன் இல்லாத வீடு எது? நன்றாக அவித்த மீன் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும், புரதம் அதில்தான் இருக்கிறது. வெட்டுவதை மட்டும் வேறு ஆள் செய்யட்டும். ஒரு செதிள், ஒரு முள் குத்தினால் போதும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும், தடிமன் உள்ளவர்கள் போனில் சுகம் விசாரிக்கட்டும். கோபித்தாலும் பரவாயில்லை.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கலாம். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரையுங்கள். பிரஷ் மிருதுவாக இருக்கட்டும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால் அது கிளினிக் வரை வைத்திருக்கும் விஷயமில்லை.

சத்திக்குத் தரும் மாத்திரையைச் சத்தி வந்த பிறகு போடலாம் என்று எடுத்து வைப்பவர்கள் அதிகம். எழுதிய நேரத்துக்கே, வரும் முன்பே போட வேண்டும். அந்த மாத்திரைகளில் ஒன்றான ஒண்டன்செட்ரோன் போட்டால் மலச்சிக்கல் வரக்கூடும், அதையும் சொல்லுங்கள். சோற்று மணம் குமட்டினால் ஆறவைத்துக் கொடுத்துப் பாருங்கள், சூட்டில்தான் மணம் கிளம்பும். சீனியை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாதி உடம்பாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நேரத்தில் நிறை குறைவதுதான் கெடுதல். நாட்டு மருந்துக் கசாயம் குடிப்பதாக இருந்தால் எங்களிடம் மறைக்காதீர்கள். நான் ஏச மாட்டேன். ஈரலும் சிறுநீரகமும் இரண்டு மருந்தையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்று டொக்டர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் விரல்களையும் பாதங்களையும் விறைக்க வைக்கும். நிலாவெளிப் பக்கத்து ஐயா ஒருவர் மத்தியான வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து போனார். சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மனைவிதான் உள்ளங்கால் கொப்பளத்தைக் கண்டார். கோயில் வீதியிலும் இதே கதை நடக்கும். ஒவ்வொரு நாளும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? அதைச் சொன்னால் மருந்தின் அளவை மாற்றலாம்.

அப்புறம், வலி. இதைத்தான் ஆட்கள் அதிகம் ஒளிக்கிறார்கள். வலி கூடிவிட்டது என்று சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மோர்பின் என்றால் கடைசி மருந்து என்ற பயம். "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டு "பரவாயில்லை மிஸி" என்பார்கள். அதனால் நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "ராத்திரி எத்தனை தரம் எழும்பினீங்க?" என்று கேட்பேன். அப்போது பக்கத்தில் நிற்கும் மனைவி வாய் திறப்பார்.

மோர்பின் கடைசி நாளுக்கான மருந்தில்லை, கடுமையான வலிக்கான மருந்து. வாய்வழியாக, நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 1986இலேயே சொல்லிவிட்டது. சாதாரண மாத்திரையானால் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு துரத்துவதைவிட வரவிடாமல் வைப்பது சுலபம், மருந்தும் குறைவாகவே போகும். டொக்டர் சொன்னபடி வலிக்காக எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. முதல் இரண்டு மூன்று நாள் நித்திரை தூங்கும், பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. மோர்பின் எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்துக் கரைக்கவே கூடாது, பன்னிரண்டு மணித்தியாலத்து மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். எழுப்பியும் எழும்பாத மயக்கம், மிக மெதுவான மூச்சு என்றால் உடனே கொண்டு வாருங்கள்.

நோன்பு மாதத்தில் சிலர் பகல் மாத்திரைகளைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அப்படியும் நோன்பு பிடிக்க மனம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒன்று, நோன்பு திறக்கும்போது ஒன்று என்று பன்னிரண்டு மணித்தியால மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டொக்டர் பார்ப்பார்.

ஒன்று மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்காது. புதிதாக முதுகுவலி வந்து கால் சோர்கிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் போகாமல் நிற்கிறது என்றால், கட்டி முள்ளந்தண்டு நாணை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். அன்றே வந்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

தம்பலகாமத்துத் தங்கச்சி ஒருத்தி, அப்பாவுக்குத் தொண்டைப் புற்று. மூன்றாவது தடவை வந்தபோது கையில் ஒரு பழைய சீஆர் கொப்பி. பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு எழுதியிருந்தாள். காய்ச்சல் பார்த்த நேரம், மோர்பின் கொடுத்த நேரம், எத்தனை வாய் கஞ்சி, வெளியே போனாரா இல்லையா. ஒரு பக்கத்தில் வரிசையாக விடியப்புறம் இரண்டு மணி, இரண்டு மணி, இரண்டு மணி என்று வலி. டொக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்த கையோடு இரவு மருந்தின் அளவை மாற்றி எழுதினார். அடுத்த கிளினிக்கில் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருந்தது: "இரவு 10, மருந்து குடுத்தேன். 2 மணி, அப்பா நித்திரை. 6 மணி, அப்பா தேத்தண்ணி கேட்டார்."