பச்சை குத்துவது ‘உடல் ஓவியம்’ ஆகாது

தெலுங்குத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து டாட்டூவுக்கு ‘உடல் ஓவியம்’ என்று எழுதாதீர்கள். போன வாரம் ஒரு தொடரில் அந்தப் பெண் ‘அம்ம பேரு பச்சபொட்டு பொடிபிஞ்சுகுன்னா’ என்று தெளிவாகச் சொல்கிறாள், கீழே ஓடுகிற தமிழ் வரியோ ‘அன்னையின் பெயரை உடல் ஓவியமாக வரைந்துள்ளேன்’ என்கிறது. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் இரண்டு மொழியும் பேசி வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது. பச்சை என்ற சொல் தெலுங்கு வசனத்திலேயே கிடக்கிறது, அதைத் தமிழாக்குகிறவர் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செய்கிறார்.

டாட்டூ என்பது பசிபிக் தீவுகளின் ‘டடாவ்’. 1769இல் கேப்டன் குக் தாஹிட்டிக்குப் போன பயணத்தோடு ஆங்கிலத்துக்கு வந்தது. நம் சொல் பச்சை. தெலுங்கில் பச்சபொட்டு, மலையாளத்தில் பச்சகுத்து, கன்னடத்தில் ஹச்செ. நான்கு மொழிக்காரர்களும் ஒரே சொல்லை வைத்திருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

‘இப்போது சிவப்பு, மஞ்சள் எல்லாம் வந்துவிட்டதே, எப்படிப் பச்சை என்பது?’ என்று கேட்கிறார்கள். ஊசிக்கு வைத்ததே கரி மைதான். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தக் கறுப்பு மேல்தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்ததும், ஒளி சிதறுவதால் வெளியே நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. பார்த்த கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைப் பெயராக வைத்தார்கள். அப்புறம் அது நிறத்தை விட்டுவிட்டு அந்தச் செயலுக்கே பெயராகிவிட்டது. எள்நெய்தான் எண்ணெய், முதலில் நல்லெண்ணெயை மட்டும் குறித்த அந்தச் சொல் இன்று மண்ணெண்ணெய்வரை வந்துவிட்டது, அதே கதைதான் இதுவும்.

சரி, ‘உடல் ஓவியம்’ ஏன் தப்பு? ஓணத்தின் நான்காம் நாள் திருச்சூரில் புலிக்களி ஆடுகிறவர்கள் வயிற்றில் புலிமுகம் தீட்டிக்கொள்கிறார்களே, அது உடல் ஓவியம். ஆட்டம் முடிந்ததும் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். பச்சையின் உயிர் குத்துவதில் இருக்கிறது. ஊசி, வலி, வீக்கம், பிறகு சாகும்வரை அழியாமை. தெலுங்கின் ‘பொடுச்சு’ம் குத்துவதுதான். ஓவியம் என்றதும் இவை எல்லாம் காணாமல் போய், வரைந்தவரின் கைத்திறம் மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொன்று, ‘பச்சை குத்திக்கொண்டாள்’ என்கிறோம் பாருங்கள், அந்தக் ‘கொண்டாள்’ உடையவளைச் சொல்கிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு முன்கையில் தேள், அதன் கீழே சின்ன வயதில் செத்த தம்பியின் பெயர். எழுத்துகள் தோலோடு சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், படிக்க முடியாது, அவர் மட்டும் விரல் வைத்துப் படிப்பார். ஏன் குத்திக்கிட்டீங்க ஆயா என்று கேட்டதற்கு, “கம்மலு, மூக்குத்தி எல்லாம் கடைசியில கழட்டிடுவாங்கப்பா, இத யாரு கழட்டுவா?” என்றார். அவரிடம் போய் ‘உங்கள் உடல் ஓவியம் அழகு’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘பொறி’ என்று சொல்லலாமே என்கிற தனித்தமிழ் நண்பர்களை மதிக்கிறேன். பழைய சொல், புறநானூற்றில் சேரன் இமயத்தில் வைத்த ‘விற்பொறி’ வருகிறது. ஆனால் அது மலையிலும் கதவிலும் அரசன் பதித்த அடையாளம். ஒருத்தி தன் தம்பிக்காகக் கையில் வைத்திருப்பதற்கு அது பொருந்தாது. பச்சையும் வடமொழி இல்லையே, அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். குறத்தியர் தெருத்தெருவாகப் ‘பச்சை குத்தலையா பச்சை’ என்று கூவிக்கொண்டு வந்த சொல் என்பதால் எழுதுகிறவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் சோறு ‘உணவு’ ஆகிறது, அம்மா ‘அன்னை’ ஆகிறாள். பேசுகிறவள் வாயில் வராத சொல்லை அவள் வசனமாக எழுதுவது மொழிபெயர்ப்பே இல்லை.

எனவே ஊசியால் குத்தினால் பச்சை, தீட்டினால் உடல் ஓவியம், குழந்தைகள் நீரில் நனைத்துக் கையில் ஒட்டுவது ஒட்டுப்படம். கடைக்குப் ‘பச்சை குத்துமிடம்’ என்றே பலகை வைக்கலாம். அதற்கும் மனம் வராவிட்டால் டாட்டூ என்றே எழுதிவிடுங்கள், அதுவாவது படிக்கிறவருக்குப் புரியும்.