குரல் தமிழ், பாம்பு வேறு நாடு

போன செவ்வாய்க்கிழமை தேனி மாவட்டத்துக் கூடலூர்க்கார அக்கா ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும்போது கையில் பாம்பு கடித்திருக்கிறது. கூட வேலை செய்த பையன் போனில் வீடியோ பார்த்து, விரலிலிருந்து தோள்வரை கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிவிட்டான். கட்டியாயிற்றே என்ற தைரியத்தில் மலையிறங்கி எங்களிடம் வந்து சேர மூன்று மணி நேரம். கட்டை அவிழ்த்தால் கை கறுத்து வீங்கியிருக்கிறது, ரத்தம் உறையவில்லை. இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த ஐந்தாவது ஆள்.

பையனைத் திட்ட மனம் வரவில்லை. அந்த வீடியோவை என்னிடமும் காட்டினான். நல்ல தமிழ்தான் பேசுகிறது. ஆனால் குரல் மட்டும்தான் தமிழ், படம் ஆஸ்திரேலியா. அங்குள்ள விஷப்பாம்புகள் பெரும்பாலும் கடித்த இடத்துச் சதையை அழுகவைப்பதில்லை. விஷம் பரவுவதைத் தாமதப்படுத்த அந்தக் கட்டு அவர்களுக்கு உதவும். நம் கண்ணாடி விரியன் போன்றவை அப்படியா? அந்த விஷத்தை ஒரே இடத்தில் இறுக்கித் தேக்கினால் கையே போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்து ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்தாறு பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 58,000. ஆனால் கடித்தால் என்ன செய்வது என்று போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது அவர்கள் சொல்வதுதான். பணமும் கேமராவும் ஆங்கிலமும் அங்கே இருக்கின்றன.

இதில் என்னை அதிகம் வாட்டுவது முக்கோணத் தலை. "தலை முக்கோணமா இல்ல டாக்டர், விஷமில்லாததுதான்" என்று எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! அது அமெரிக்கப் பேச்சு. அங்குள்ள ராட்டில் பாம்புக்குத் தலை முக்கோணமாக இருக்கும். நம் நல்ல பாம்புக்கு இல்லை. கட்டுவிரியனுக்கும் இல்லை. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன் என்பார்களே, அதேதான். தலை சின்னதாக, உருண்டையாக, சாதுவாகத் தெரியும். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூட இருக்காது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்கும், பேச்சு குழறும். வாய்வுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு வருகிறார்கள். தலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தயவுசெய்து.

எங்கள் வார்டில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இது எந்த வெளிநாட்டு வீடியோவிலும் வராது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் எடுத்துத் தரும் விஷத்தில்தான் நம் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் தயாராகிறது என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு வந்ததே 2024 நவம்பரில். நம் கணக்கே நம்மிடம் இல்லாதபோது உலகத்துக்கு யார் சொல்வது?

சரி, கடித்தால் செய்ய வேண்டியது இதுதான். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்றுங்கள். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம், அதில் இன்னொருவருக்கும் கடி விழும்.

அப்புறம், தோட்டத்தில் கடித்தால் ஊருக்கு வரவே வராதீர்கள். கேரளத்தில் கொடுப்பதும் இதே மருந்துதான். பக்கத்தில் மருந்து இருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, சொந்த ஊர் டாக்டர் பார்க்கட்டும் என்று மலை இறங்கி வருவதில்தான் சிறுநீரகம் போகிறது.

ஜீப் ஓட்டும் அண்ணன்களே, நீங்கள் ஆள் ஏற்றிப்போகும் தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று நாளைக்கே விசாரித்து, பெயரையும் போன் நம்பரையும் ஜீப்புக்குள் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தமிழிலும் மலையாளத்திலும்.