மேஸ்திரி ஏன் குறுக்கே அளக்கிறார்?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு அறை போட்டோம். 12 அடிக்கு 10 அடி. கடைக்கால் தோண்டும் முன் மேஸ்திரி நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினார், நாலு பக்கமும் டேப் வைத்துச் சரிபார்த்தார், அப்புறம் நாலாவது படிக்கும் என் மகளிடம் "கண்ணு, இந்த நுனியை அந்த முளைகிட்ட புடி" என்று கொடுத்துவிட்டு எதிர்மூலைக்குப் போய் குறுக்கே அளந்தார். அதே மாதிரி இன்னொரு குறுக்கும். இரண்டும் 15 அடி ஏழரை அங்குலம். "ரெண்டும் ஒண்ணா வருது, தோண்டிடலாம்."

நாலு பக்கமும்தான் அளந்தாச்சே, குறுக்கே எதுக்குப்பா என்று சாயங்காலம் கேட்டாள். நல்ல கேள்வி. பாடப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்த பாதி விஷயம் இதற்குள் இருக்கிறது.

துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சி எடுங்கள். இரண்டை 12 சென்டிமீட்டருக்கும் இரண்டை 10 சென்டிமீட்டருக்கும் ஒடித்து, சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளால் மூலைகளைச் செருகி ஒரு செவ்வகம் செய்யுங்கள். இப்போது மேல் குச்சியை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகம் சாய்ந்து இணைகரமாகிவிடும். எந்தக் குச்சியின் நீளமும் மாறவில்லை, எதிர்ப் பக்கங்கள் இப்போதும் சமம்தான், ஆனால் செவ்வகம் இல்லை. "எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் செவ்வகம்" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அதில் விட்டுப்போவது செங்கோணம். செங்கோணத்தை விட்டுவிட்டு செவ்வகத்தைப் பேசுவது உப்பில்லாமல் ரசம் வைப்பது மாதிரி.

தள்ளும்போது மூலைவிட்டங்களை, அதாவது மேஸ்திரி அளந்த குறுக்குகளைக் கவனியுங்கள். ஒன்று நீளும், மற்றது சுருங்கும். எங்கள் அறையில் ஒரு 12 அடிப் பக்கம் மட்டும் இப்படிப் பக்கவாட்டில் 3 அங்குலம் நகர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு குறுக்கு 15 அடி 9.7 அங்குலமாகவும் மற்றது 15 அடி 5.1 அங்குலமாகவும் ஆகியிருக்கும், வித்தியாசம் நாலரை அங்குலத்துக்கும் மேல். சின்னப் பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிற பூதக்கண்ணாடி அந்த டேப்.

சரி, இரண்டு குறுக்கும் சமமானால் மூலை செங்கோணம்தான் என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்? கீழே உள்ள நீளச் சுவரை மட்டும் மனதில் வையுங்கள். அந்தச் சுவர், இடதுபக்கச் சுவர், ஒரு குறுக்கு: இது ஒரு முக்கோணம். அதே நீளச் சுவர், வலதுபக்கச் சுவர், இன்னொரு குறுக்கு: இது இன்னொரு முக்கோணம். இரண்டிலும் மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றதாகிவிடும். ஆக, இடது மூலைக் கோணமும் வலது மூலைக் கோணமும் சமம். இணைகரத்தில் அடுத்தடுத்த இரண்டு கோணங்களைக் கூட்டினால் எப்போதும் 180 பாகை. இரண்டும் சமமாக இருந்து கூட்டினால் 180 வரவேண்டும் என்றால் ஆளுக்கு 90. முடிந்தது.

ஆனால் குறுக்கு மட்டும் சமமாக இருந்தால் போதாது. மேலே குறுகி கீழே அகன்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்த சரிவகத்திலும் குறுக்குகள் சமம்தான். அதனால்தான் மேஸ்திரி முதலில் பக்கங்களை அளந்தார். அந்த வரிசையை அவருக்கு யாரும் நிரூபித்துக் காட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் பிசகவில்லை.

இதற்கு நடுவில் வேறொரு சண்டை. வராந்தாவில் சதுர டைல்ஸை மூலை நோக்கித் திருப்பிப் பதித்திருக்கிறது. அது சதுரம் இல்லை, டைமண்ட் என்கிறாள் மகள். திருப்பினால் பக்கமும் மாறாது, கோணமும் மாறாது, பெயர் மட்டும் எப்படி மாறும்? குழந்தைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே-கெல்டோஃப் என்ற டச்சு ஆசிரியத் தம்பதி 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் இதைத்தான் எழுதினார்கள்: பிள்ளைகள் முதலில் உருவத்தை முழுசாக, முகத்தை அடையாளம் காண்பது போலப் பார்க்கிறார்கள், பிறகுதான் பக்கம், கோணம் என்று பண்புகளைப் பிரிக்கிறார்கள், ஒரு பண்பு இன்னொன்றோடு எப்படிக் கோத்துக்கொள்கிறது என்பது அதற்கும் அப்புறம். படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. "சதுரமும் ஒரு செவ்வகம்தான்" என்று சொன்னால் பல பெரியவர்களே முறைப்பது, முதல் படியிலேயே நின்றுவிட்டதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செவ்வகத்துக்கான நிபந்தனை நாலு செங்கோணம், அவ்வளவுதான். பக்கம் சமமாக இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதேபோல நாலு பக்கமும் சமமாக இருந்தால் சாய்சதுரம், ஆகவே சதுரம் அந்த வீட்டுக்கும் பிள்ளை.

ஈர்க்குச்சிக்குத் திரும்புவோம். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளிப் பாருங்கள், அசையாது. மூன்று பக்க நீளம் முடிவானதுமே கோணங்களும் முடிவாகிவிடும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறிப்போன ஒரு நாள், ஒரு காப்பித் தோட்டத்து மரக் கேட் தலை தொங்கி இணைகரமாக நிற்பதைக் காட்டினேன். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலைக்கு ஒரே ஒரு கட்டை சாய்வாக அடித்திருந்தால் அது இரண்டு முக்கோணமாகி, தொங்காமல் நின்றிருக்கும்.

அசைவதும் சில இடங்களில் வேண்டியதுதான். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் இழுத்துப் பூட்டும் மடக்கு கேட்டைப் பாருங்கள், முழுக்க சாய்சதுரங்கள். பக்க நீளம் மாறாது, ஆனால் கேட்டை ஒதுக்கினால் அகலம் குறைந்து உயரம் கூடும். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் எவ்வளவு மடக்கினாலும் செங்குத்தாகவே வெட்டிக்கொள்ளும், ஒன்றையொன்று பாதியாக்கும். பக்கம் 10 அங்குலம் என்று வைத்தால், அகலம் 16 ஆக இருக்கும்போது உயரம் 12, அகலத்தை 12 ஆக்கினால் உயரம் 16. பாதிகளை எடுங்கள்: 6, 8, பக்கம் 10. செங்கோணம் பார்க்கும் மூலை மட்டம் கையில் இல்லாதபோது மேஸ்திரிகள் நூலில் 3 அடி, 4 அடி, 5 அடி பிடிப்பார்களே, அதே கணக்கின் இரட்டிப்பு. உயரம் இப்படி மாறுவதால்தான் அந்த நிமிர்ந்த கம்பிகளுக்குள் சில ஆணிகள் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகின்றன. அங்கே எண்ணெய் விடவில்லை என்றால் காலையில் கடை திறக்கும்போது தெரு முழுக்கக் கேட்கும்.