ஆய்வகக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை: கட்டணம் 1,600 ரூபாய்தான், கோட்டை விடுவது தேதியில்

ஆய்வகத்தில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்த பேராசிரியரிடமோ மாணவரிடமோ காப்புரிமை பற்றிப் பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் ரொம்பச் செலவாகுமே" என்றுதான் முதலில் சொல்வார்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பொறுத்தவரை அது பழைய கதை. கல்வி நிறுவனங்களும் பெரிய கம்பெனிகள் கட்டும் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருந்தன. 2021 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி 80 சதவீதம் குறைத்துவிட்டார்கள். இப்போது ஆன்லைனில் விண்ணப்பிக்கப் பெரிய கம்பெனிக்கு 8,000 ரூபாய், பல்கலைக்கழகத்துக்கு 1,600. 'என் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள்' என்று தனியாகக் கேட்கும் படிவம் 18-க்கு 20,000-க்குப் பதில் 4,000. விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்) 30 பக்கத்தைத் தாண்டினாலும், உரிமைக்கோரல்கள் (எதெதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டு எழுதும் வரிகள்) பத்தைத் தாண்டினாலும் கூடுதலாக வாங்குவார்கள், அதுவும் இதே விகிதத்தில் குறைவுதான்.

சலுகை தானாக வராது. படிவம் 28-ஐ நிரப்பி, நிறுவனம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் என்பதற்கான ஆதாரத்தோடு தர வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த பெரிய கம்பெனியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் சலுகை போய்விடும், முழுக் கட்டணம்தான். பின்னால் காப்புரிமையை அப்படியொரு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தாலும் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்துதரும் காப்புரிமை முகவர் வாங்கும் கட்டணம் இதில் அடங்காது, உண்மையில் பெரிய செலவு அதுதான். அதற்கு உங்கள் நிறுவனத்திலோ, கல்வி அமைச்சகம் 2020-இல் கலாம் பெயரில் தொடங்கிய 'கபிலா' திட்டத்திலோ உதவி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, தேதிக்கு வருவோம். பணத்தைவிட அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டால் அது 'புதியது' இல்லை. வெளியே தெரிவது என்றால் ஆய்விதழ்க் கட்டுரை மட்டும் இல்லை. மாநாட்டில் சுவரில் ஒட்டிய போஸ்டர், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் வாய்மொழித் தேர்வு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை எல்லோரும் படிக்க வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றிய ஆய்வேடு எல்லாமே கணக்கு. பிஎச்.டி. முடிக்கும் அவசரத்தில் ஆய்வேட்டை ஏற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் காப்புரிமைப் பிரிவுக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. கற்றறிந்தோர் சங்கத்தில் (துறை அறிஞர்களின் அமைப்பில்) கண்டுபிடிப்பாளரே படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாதம் விலக்குத் தருகிறது, ஆனால் அது குறுகலான சந்து, அதை நம்பி முதலில் பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது வீண் வம்பு. வெளிநாட்டில் அந்த விலக்கும் உதவாது. மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பத்தைக் கண்டுபிடித்த கோஹன், போயர் இருவரும் 1973 நவம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1974 நவம்பரில் விண்ணப்பித்தது. அமெரிக்கச் சட்டம் ஒரு வருடம் அவகாசம் தந்ததால் அங்கே காப்புரிமை கிடைத்து 25 கோடி டாலருக்கு மேல் வந்தது, மற்ற நாடுகளில் கதவு சாத்தியாகிவிட்டது.

இதற்கு வழி, தற்காலிக விவரக்குறிப்பு. உரிமைக்கோரல்கள்கூட எழுத வேண்டாம், என்ன கண்டுபிடித்தோம், எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாக விவரித்து 1,600 ரூபாயோடு போட்டால் அந்தத் தேதி உங்களுடையது. முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் தர வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மேலோட்டமாக நாலு வரி எழுதிப் போட்டால் பயனில்லை, அதில் இருக்கும் அளவுக்குத்தான் தேதி செல்லும்.

உயிரித் தொழில்நுட்பக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை அப்படியே கோர முடியாது, அது இயற்கையில் இருப்பது. மரபணு மாற்றிய நுண்ணுயிரியைக் கோரலாம். செடி, விதை, விலங்கு கிடையாது. எழுத்தில் முழுமையாக விவரிக்க முடியாத, வேறெங்கும் கிடைக்காத நுண்ணுயிரி என்றால், விண்ணப்பத் தேதிக்குள் சர்வதேச அங்கீகாரம் பெற்ற சேமிப்பகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும் (சண்டிகரிலும் புனேயிலும் உண்டு). அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். இந்திய மண்ணின் உயிரி வளம் என்றால் தேசிய பல்லுயிர் ஆணையத்திலும் வேலை இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், இந்திய நிறுவனங்கள் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும், வணிகமாக்கும்போது அனுமதி வாங்க வேண்டும். ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

கம்பியில்லாத் தொடர்பில் வேலை செய்பவர்களுக்குத் தடை காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே). வெறும் அல்காரிதத்துக்கு (கணக்குப் படிமுறைக்கு) காப்புரிமை இல்லை. அதனால் சமன்பாட்டோடு நிறுத்தாமல், ரிசீவரில் பிழை குறைகிறதா, பேட்டரி மிச்சமாகிறதா என்று தொழில்நுட்ப விளைவைக் காட்டுங்கள். பொருள் வேதியியலில் இரண்டு பொருளைக் கலந்தேன் என்பது போதாது, தனித்தனிக் குணங்களின் கூட்டலைவிட அதிகமாக ஏதாவது கலவையில் கிடைக்கிறது என்று தரவு வேண்டும்.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்காக 2008-இல் வந்த மசோதா 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆக உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையும், நிதி தந்த அமைப்பின் நிபந்தனைகளும்தான் விதி, வருமானப் பங்கும் அவற்றில்தான் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். கண்டுபிடிப்பாளர் பட்டியல் கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் இல்லை, துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் இடமும் அது இல்லை.

பரிசீலனைக் கோரிக்கைக்கு (படிவம் 18) முன்பு 48 மாத அவகாசம் இருந்தது, 2024 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம்தான். அரசுக்குச் சொந்தமான அல்லது பெரும்பாலும் அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்கள் படிவம் 18ஏ கொடுத்து விரைவுப் பரிசீலனை கேட்கலாம், கல்வி நிறுவனம் என்றால் 8,000 ரூபாய். பெண்களுக்கும் அந்த வசதி உண்டு, ஆனால் விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒரு பெண் இருக்க வேண்டும். விண்ணப்பதாரர் பல்கலைக்கழகம் என்றால், கண்டுபிடித்தவர் பெண் என்பதை மட்டும் வைத்து இந்த வரிசையில் நிற்க முடியாது.