கேனிஸ்டர்: கரிக்கலன்

பெட்ரோல் டேங்கில் உண்டாகும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அதை எரிவதற்கு அனுப்பும் டப்பாதான் கேனிஸ்டர். உள்ளே கரி நிரப்பியிருக்கும். முழுப் பெயர் சார்கோல் கேனிஸ்டர். தமிழில் இதைக் கரிக்கலன் என்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

மதுரைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லைக் கேட்பது பெரும்பாலும் அந்த டப்பாவைக் கழற்றும்போதுதான். "அண்ணே, இந்தக் கேனிஸ்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல. எடுத்துட்டு ஓஸை அடைச்சு விட்ருவோம்" என்பார்கள் மெக்கானிக்குகள். அப்புறம் வண்டிக்குள் பெட்ரோல் வாடை வரும். கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வரும். அப்படி இல்லை. எத்தனை வயதான காரானாலும் வாடை அடித்தால் எங்கோ ஒரு வழி திறந்து கிடக்கிறது என்று பொருள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் டிக்கியிலும் ஷெட்டின் தரையிலும் படிந்து கிடக்கும். காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றிக்கொள்ளும். பழைய வண்டியைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, இந்த வாடையைத்தான்.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். அங்கே கன்னா என்றால் நாணல். நாணலில் முடைந்த கூடை கனஸ்ட்ரோன். அது லத்தீனில் கனிஸ்ட்ரும் ஆகி ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் கூடையைத்தான் குறித்தது. தேயிலை போட்டு வைக்கும் தகர டப்பாவுக்கு அந்தப் பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில். கால்வாயைக் குறிக்கும் கெனால், பீரங்கியைக் குறிக்கும் கேனன் ஆகியவையும் அதே நாணலில் முளைத்தவை. உள்ளே புழை உள்ள தண்டு என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. வடக்கே எண்ணெய் டின்னைக் கனஸ்தர் என்கிறார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். நம்முடைய 'பெட்டி' வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. தென்மாவட்டங்களில் பெட்டி என்றால் இன்றும் பனையோலையில் முடைந்ததையும் குறிக்கும். ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி எல்லாம் இருக்க, தகரப்பெட்டியும் இரும்புப்பெட்டியும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன.

சார்கோல் என்பது மரக்கரி. ஆனால் கலனுக்குள் இருப்பது அடுப்புக்கரி இல்லை. மிகுந்த சூட்டில் நீராவி செலுத்தியோ, வேதிப்பொருள் சேர்த்துச் சுட்டோ, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகளை உண்டாக்கிய கரி. ஒரே ஒரு கிராமில் உள்ள துளைகளின் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 1000 சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம். பெட்ரோல் ஆவியின் மூலக்கூறுகள் அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல உள்ளே ஊறிப் போவதில்லை. ஒட்டியது மறுபடி விடுபட வேண்டுமே, அதற்கு இந்த வேறுபாடு முக்கியம். பள்ளி வேதியியல் புத்தகம் உறிஞ்சுதல் வேறு, பரப்புக் கவர்தல் வேறு என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். அதனால் இதற்கு 'உறிஞ்சுகலன்' என்று பெயர் வைத்தால் பொருள் தப்பாகும்.

மதுரைக்கும் கரிக்கும் மோட்டார் உலகில் பழைய உறவு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ் நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்துப் பஸ் ஓட்டும் கருவியைச் செய்தது. அதில் கரியே எரிபொருள். கேனிஸ்டரில் கரி எரிவதில்லை, பெட்ரோலைக் காத்துக் கொடுப்பதோடு சரி. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

சரி, ஆவி எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் பல நீரகக்கரிமங்களின் (ஹைட்ரோகார்பன்) கலவை. அதில் உள்ள பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கத்திரி வெயிலில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி தொடுகிறது. தார் ரோட்டில் நிற்கும் காரின் டேங்க் அதற்கும் மேல். பகலில் டேங்குக்குள் ஆவி பெருகி வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் டேங்க் இப்படித் தினமும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இது போக, ஓடி வந்து நிறுத்திய எஞ்சினின் சூட்டில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் ஆவியாகும்.

அந்தக் காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. டேங்க் மூடியில் ஒரு துளை, அல்லது டேங்கிலிருந்து வண்டிக்கு அடியில் திறந்து விட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு இந்த நீரகக்கரிம ஆவியும் வெயிலும் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் காட்டிய பிறகுதான் எண்ணம் மாறியது. கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், மறு வருடம் அமெரிக்கா முழுவதும் டேங்க் ஆவியை அடக்கும் ஏற்பாடு கட்டாயமானது. கரி டப்பா பரவலானது அப்போதுதான். நம் ஊரில் பழைய அம்பாசடரும் பத்மினியும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அது இல்லாமலே ஓடி முடித்த வண்டிகள். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ ஏற்பாடு கொண்ட மாருதி 800-இல் அது உண்டு. 2017-இல் பி.எஸ் 4 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஸ்கூட்டர், பைக்கிலும் வந்துவிட்டது. தாத்தாவின் அம்பாசடரில் இல்லாத கரிக்கலன் பேத்தியின் ஸ்கூட்டரில் இருக்கிறது.

அமைப்பு எளிதுதான். கலனில் மூன்று வழிகள். ஒன்று டேங்கிலிருந்து ஆவி வரும் வழி. இன்னொன்று எஞ்சினின் காற்று உறிஞ்சும் பக்கம் போகும் வழி; இதைத் திறந்து மூடும் பர்ஜ் வால்வு இதில்தான் இருக்கும். மூன்றாவது வெளிக்காற்று நுழையும் வழி, பல பழைய கலன்களில் அடிப்பக்கம் ஒரு பஞ்சு ஃபில்டரோடு. எஞ்சின் ஓடும்போது அதன் இழுவிசையால் வெளிக்காற்று கரிக்குள் புகுந்து, ஒட்டியிருந்த ஆவியைக் கழற்றிக்கொண்டு போய் சிலிண்டருக்குள் எரிகிறது. கரி மறுபடி காலியாகி அடுத்த நாளுக்குத் தயாராகிவிடும். வெளிக்காற்று வழி மண்ணடைத்துப் போனால் கரி காலியாகாது. காலியாகாத கரி புது ஆவியைப் பிடிக்காது. வாடை வருகிறது என்றதும் கலனையே தூக்கிப் போடும் பலர் அந்தப் பஞ்சைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கலனைக் கெடுப்பதில் முதல் இடம் பெட்ரோல் பங்க்கில் "வாய் வரைக்கும் ரொப்புங்க" என்று சொல்லும் பழக்கத்துக்கு. துப்பாக்கி தானே நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் பெட்ரோல் திரவமாகவே ஆவிக்குழாயில் ஏறிக் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. கலனைக் கையில் எடுத்தாலே எடை காட்டிக் கொடுக்கும், ஆட்டினால் தளும்பும். அதைச் சூடு காட்டி உலர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வெடிக்கும் பொருள். அடுத்தது கரி உதிர்வது. உதிர்ந்த கரித்தூள் வால்வில் போய் அடைத்துக்கொண்டால் வால்வு மூடாமல் நின்றுவிடும். அப்புறம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, வண்டி தடுமாறும்.

புதுக் கலன் கிடைக்காத வெளிநாட்டுப் பழைய கார்களுக்குக் கலனைத் திறந்து கரியை மட்டும் மாற்றுவது உண்டு. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஃபில்டரில் போடும் சிரட்டைக்கரிதான் முதலில் நினைவுக்கு வரும். அது நல்ல கரிதான், ஆனால் இந்த வேலைக்கு அல்ல. சிரட்டைக்கரியின் துளைகள் மிக நுண்ணியவை; ஆவியை இறுகப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. வண்டிக் கலனுக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த, துளை சற்றுப் பெரிதான, உருட்டிய கரிமணிகளைத்தான் போடுகிறார்கள். தூளைப் போட்டால் காற்றே போகாது.

கலன் இல்லாத அம்பாசடரில் வாடை வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. டேங்க் நிரப்பியதும் வாடை என்றால் நிரப்பும் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை அளவி மேல் உள்ள வாசர். ஓடி வந்து நிறுத்தியதும் வாடை என்றால் கார்புரேட்டரில் ஊசி வால்வு சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போதே அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் சவ்வையும் ஓஸையும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பரை அது உப்ப வைக்கும், பிறகு விரிசல் விட வைக்கும். வெளியே கசியாமலே ரப்பர் சுவர் வழியாக ஆவி ஊடுருவி வருவதும் உண்டு. ஓஸ் வாங்கும்போது அதன் மேல் எஸ்.ஏ.இ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. தீக்குச்சி, லைட்டர், மஞ்சள் பல்பு எதையும் பக்கத்தில் கொண்டுபோகாமல் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துளையுள்ள மூடி போட வேண்டிய பழைய காரில் துளையில்லாத மூடியைப் போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. நாலு மைல் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். கலன் உள்ள காரில் துளையுள்ள மூடியைப் போட்டால் கலன் இருந்தும் ஆவி மூடி வழியாகவே போய்விடும். இரண்டும் ஒரே அளவில் பொருந்துவதால்தான் இந்தக் குழப்பம்.

இனித் தமிழ்ப் பெயர். கரிப்பெட்டி என்றால் நாக்குக்கு இதமாக இருக்கிறது, ஆனால் துணி தேய்க்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். 'ஆவிபிடி கலன்' என்றால் சளிக்கு ஆவி பிடிப்பதாகத் தோன்றும். கரி டப்பா என்று பேச்சில் சொல்வதில் தவறே இல்லை. எழுத்தில் கரிக்கலன் நன்றாக நிற்கும். மின்கலன், விண்கலன் என்று கலன் ஏற்கெனவே பழகிய சொல். கேனிஸ்டர் என்ற பெயர் வெறும் பாத்திரத்தைத்தான் சொல்கிறது. கரிக்கலன் என்றால் உள்ளே என்ன இருக்கிறது, ஏன் நனையக் கூடாது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

கூடவே வரும் சொற்கள் இரண்டு. டேங்க் வென்ட் என்பதில் உள்ள வென்ட் காற்றைக் குறிக்கும் லத்தீன் வென்டுஸிலிருந்து வந்தது. மூச்சுத்துளை என்பது சரியான தமிழ். பர்ஜ் என்பது தூய்மை செய்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது, மருத்துவத்தில் பேதிக்கும் அதே சொல்தான். அதை அப்படியே தமிழாக்காமல் பர்ஜ் வால்வை இழுப்பு வால்வு என்று சொல்லலாம், எஞ்சின் ஆவியை இழுப்பது அதன் வழியாகத்தானே. மின்சாரத்தில் இயங்கும் இழுப்பு வால்வைக் கழற்றி, கையால் அமுக்கும் ரப்பர் பல்ப்பை வைத்து ஊதினால் காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் போக வேண்டும். கொடுக்காமலே போகிறது என்றால் வால்வை மாற்றுங்கள், மாற்றும் முன் ஓஸில் கரித்தூள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தூள் இருந்தால் கலனையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.